எச்.ஐ.வி.யையும் புது நோய்களையும் ஒரே ஸ்ட்ரிப்பில் பார்க்க முடியுமா?

கேட்டவர் பெருந்துறைப் பக்கம் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி. கேள்வியின் சாரம் இது: விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் எச்.ஐ.வி.யோடு நிபா, டெங்கு மாதிரி கிளம்பி வரும் நோய்களையும் சேர்த்துப் பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 15 நிமிடத்தில் முடிவு சொல்லும் ஒரு கிட் செய்ய நினைக்கிறோம். இதைக் கொங்கு மண்டலத்தில், இங்கே கிடைப்பதை வைத்தே செய்ய முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?

சரிங்க தம்பி, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரிப் செய்யலாம், நீங்கள் நினைப்பதைவிட அது சுலபம். ஆனால் எச்.ஐ.வி.யையும் காய்ச்சல் நோய்களையும் ஒரே ஸ்ட்ரிப்பில் சேர்க்காதீர்கள். எச்.ஐ.வி.க்கு இன்னொரு ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதம்) ஸ்ட்ரிப் செய்வதிலும் காலத்தைப் போக்காதீர்கள். முடிவு கைக்கு வந்த அந்த நேரத்தில் டாக்டர் எழுதப்போகும் சீட்டை மாற்றுகிற நோய் எதுவோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் நீளமான கதை. மைக்ரோபயாலஜி ஆய்வகத்திலேயே காலம் தள்ளியவன் என்பதால் கொஞ்சம் வளவளவென்று போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்ட்ரிப். மருந்துக்கடையில் ஒரு கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கி, பிளாஸ்டிக் கூட்டை நெம்பித் திறந்து பாருங்கள். எச்.ஐ.வி. கிட்டின் உள்ளேயும் ஏறக்குறைய அதே சாமான்தான். ஒரு முனையில் மாதிரியை விடும் பட்டை. அதையொட்டி, சுமார் 40 நானோமீட்டர் தங்கத் துகள்களைப் புரதத்தோடு சேர்த்துக் காயவைத்த பட்டை. நடுவில் வெள்ளையாக நைட்ரோசெல்லுலோஸ் மெம்பிரேன். அதில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கோடுகள்: நோயைத் தேடும் டெஸ்ட் கோடு, திரவம் ஓடியதைக் காட்டும் கன்ட்ரோல் கோடு. மறுமுனையில் உறிஞ்சும் அட்டை. ரத்தத்தையும் பஃபர் என்ற கரைசலையும் விட்டால் திரவம் தானாக ஊர்ந்து போகும், போகிற வழியில் தங்கத் துகள்களையும் கிளப்பிக்கொண்டு போகும். எச்.ஐ.வி.க்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால், அது ஒரு பக்கம் தங்கத் துகளையும் மறுபக்கம் டெஸ்ட் கோட்டில் ஒட்டியிருக்கும் வைரஸ் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். துகள்கள் அங்கே குவிந்தால் சிவப்புக் கோடு. தங்கம் எப்படிச் சிவப்பாகும் என்று கோயமுத்தூர் நகைப்பட்டறைக்காரர்கள் கேட்பார்கள். அவ்வளவு சிறிதாக்கினால் தங்கத்தின் நிறமே அதுதான். ஒரு ஸ்ட்ரிப்புக்குச் சில மைக்ரோகிராம் போதும், அதனால் பவுன் விலை ஏறினாலும் கவலை இல்லை.

இந்தத் துகள்களைக் காலேஜ் ஆய்வகத்திலேயே தயாரிக்கலாம். கொதிக்கும் கோல்டு குளோரைடு கரைசலில் சிட்ரேட் சேர்க்கும் டர்கெவிச் முறை 1951-இலிருந்து இருக்கிறது. மெம்பிரேனை வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் அதிகம். நம் நாட்டில் அம்பாலாவில் ஒரு நிறுவனம் தயாரிக்கிறது. கோடு போடும் டிஸ்பென்சர், பட்டை வெட்டும் மெஷின், ஈரப்பதம் குறைந்த அறை, பிளாஸ்டிக் மோல்டிங் இவையெல்லாம் பம்ப்பும் மோட்டாரும் கிரைண்டரும் செய்கிற கோவைக்கு ஒரு விஷயமே இல்லை. பெங்களூரில் அச்சிரா லேப்ஸ் என்ற நிறுவனம் மெம்பிரேனுக்குப் பதிலாக, வினைப்பொருள் ஏற்றிய பட்டு நூலைக் கைத்தறியில் நெய்தே பரிசோதனைப் பட்டை செய்து காட்டியது. சென்னிமலையையும் பவானியையும் பக்கத்தில் வைத்திருக்கும் நீங்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

கஷ்டம் இருப்பது கோட்டில் ஒட்டும் புரதத்தில். எச்.ஐ.வி.-1-க்கு ஜி.பி.41, எச்.ஐ.வி.-2-க்கு ஜி.பி.36 என்று வைரஸின் மேலுறைப் புரதங்களைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அவற்றை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வளர்த்துப் பிரித்தெடுப்பது வழக்கம். பிரிக்கும்போது ஈ.கோலையின் சொந்தப் புரதம் துளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் போச்சு. நம் எல்லார் குடலிலும் ஈ.கோலை குடியிருக்கிறது, ரத்தத்தில் அதற்கு ஆன்டிபாடி இருக்கும், கோடு சிவக்கும். எச்.ஐ.வி. இல்லாதவருக்கு பாசிட்டிவ் வந்துவிடும். இன்றைக்குச் செய்த புரதமும் ஆறு மாதம் கழித்துச் செய்கிற புரதமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது இன்னொரு தலைவலி. இன்ஜினியரிங் மாணவர்கள் இந்த இடத்தைத்தான் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி எச்.ஐ.வி.க்கு வருவோம். இந்தியாவில் முதல் தொற்றுகள் 1986-இல் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டன. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த மாதிரிகள் பரிசோதனைக்கு வேலூர் சி.எம்.சி.க்குப் போயின. ஆன்டிபாடியைத் தேடும் எலைசா கருவி எங்கே இருக்கிறதோ அங்கே ரத்தம் போக வேண்டும் என்பதுதான் அன்றைய நிலை. அப்புறம் நிலைமை மாறியது. ஜே. மித்ரா நிறுவனத்தின் டிரை-டாட் மாதிரி கருவி தேவைப்படாத கிட்டுகள் இந்தியாவிலேயே வந்தன. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்தில் நேவா என்ற பரிசோதனையை உருவாக்கினார்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் சிவப்பணுக்கள் திரள்வதை வெறுங்கண்ணால் பார்த்தே முடிவு சொல்லலாம். ஆகவே இந்தத் துறையில் நீங்கள் முதல் ஆள் இல்லை. நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகள் வரை ரேபிட் டெஸ்ட் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

இன்றைக்கு நடைமுறை என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனி ரத்தத்தில் முதல்கட்டப் பரிசோதனை. அதில் கோடு தெரிந்தால் அதற்கு பாசிட்டிவ் என்று பெயரில்லை. அவரை எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவார்கள். அறிகுறி எதுவும் இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று எழுத வேண்டுமானால், ஒன்றுக்கொன்று வேறுபட்ட மூன்று கிட்டுகளிலும் கோடு வந்திருக்க வேண்டும்.

ஏன் மூன்று? கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. ஏறத்தாழ 0.2 சதவீதம். 10,000 பேரைப் பரிசோதித்தால் 20 பேருக்குத் தொற்று இருக்கும். உங்கள் கிட் அந்த 20 பேரையும் பிடித்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்பெசிஃபிசிட்டி, அதாவது நோய் இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்லும் திறன், 99 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொற்று இல்லாத 9,980 பேரில் ஒரு சதவீதம், அதாவது சுமார் 100 பேருக்குப் பொய்க் கோடு வரும். கோடு வந்த 120 பேரில் உண்மையான நோயாளி 20 பேர்தான், ஆறில் ஒருவர். மீதி 100 பேரின் வீட்டில் அன்று இரவு என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இரண்டாவது கிட்டும் அதே 99 சதவீதம் என்றால் அந்த 100, ஒன்றாகக் குறையும். மூன்றாவது கிட் அதையும் துடைத்துவிடும். எச்.ஐ.வி. ரேபிட் கிட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் எதிர்பார்ப்பது குறைந்தது 99 சதவீத சென்சிட்டிவிட்டி (நோய் உள்ளவரைப் பிடிக்கும் திறன்), 98 சதவீத ஸ்பெசிஃபிசிட்டி. இந்தத் தரத்திலேயே தனி ஒரு கிட்டை நம்ப முடியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்று கிட்டுகளும் வேறு வேறு ஆன்டிஜென்னையோ (ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும் கிருமிப் புரதம்) வேறு முறையையோ கொண்டிருக்க வேண்டும். திருப்பூரில் ஒரே செக்கிங் ஆளிடம் ஒரே பனியனை மூன்று தடவை கொடுத்தால் முதல் தடவை விட்ட குறையை மூன்றாம் தடவையும் விடுவார். அதே கதைதான் இங்கேயும். நோய்த் தொற்று குறையக் குறைய இந்தப் பொய்க் கோடுகளின் பங்கு கூடும். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளையும் மூன்று பரிசோதனை முறைக்கு மாறச் சொன்னதற்குக் காரணமும் இதுதான்.

காய்ச்சல் நோய்களோடு எச்.ஐ.வி.யைச் சேர்க்காதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் வேதியியல் இல்லை, சட்டம். எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017-இன்படி ஒருவரிடம் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை ரகசியமாக வைக்க வேண்டும். காய்ச்சலுக்கு ஊசி போட வந்தவரின் அட்டையில், பக்கத்து பெஞ்சுக்காரர் பார்க்கும்படி எச்.ஐ.வி. கோடும் சேர்ந்து தெரிந்தால் எப்படி? சட்டமே இல்லாவிட்டாலும் அது தப்பு. கவனியுங்கள், சேர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் ஒரே அட்டையில் பார்க்கும் கிட் இருக்கிறது. நல்ல யோசனை அது. ஒரே பெண், ஒரே வருகை, ஒரே சம்மதம், இரண்டுமே குழந்தைக்குப் போகக் கூடியவை, இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. அந்தப் பொருத்தம் நிபாவுக்கும் எச்.ஐ.வி.க்கும் இல்லை.

அப்படியென்றால் எச்.ஐ.வி.யில் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது, ஆனால் ஆன்டிபாடி ஸ்ட்ரிப்பில் இல்லை. தாயின் ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூடத் தங்கும். அதனால் எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த கைக்குழந்தைக்கு ரேபிட் டெஸ்ட் செய்தால் நமக்குத் தெரிவது தாயின் கதைதான். ஆறு வார வயதில் குதிகாலில் குத்தி, ரத்தப் பொட்டை வடிதாளில் காயவைத்து, தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, வைரஸின் மரபணுவைத் தேட வேண்டும். முடிவு வரும்வரை அந்தத் தாய் காத்திருக்க வேண்டும். சிகிச்சை இல்லாமல் விட்டால் முதல் சில மாதங்களிலேயே அந்தக் குழந்தைகளில் பலர் இறந்துபோகும் நோய் இது. இங்கேதான் பக்கத்திலேயே, அன்றைக்கே முடிவு தரும் கருவிக்கு அர்த்தம் இருக்கிறது.

அடுத்தது வைரல் லோடு. ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு மில்லிலிட்டருக்கு 1,000 பிரதிகளுக்கு மேல் போனால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அல்லது மருந்து கேட்கவில்லை என்று பொருள். இதில் ஒரு அழகான இன்ஜினியரிங் சிக்கல் ஒளிந்திருக்கிறது. முழு ரத்தத்தை அப்படியே எடுத்தால், வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வில் பதுங்கியிருக்கும் எச்.ஐ.வி.யும் கணக்கில் சேர்ந்து, அடங்கிய வைரஸ் அடங்காததுபோலக் காட்டும். அணுக்கள் நீங்கிய நீரான பிளாஸ்மாவைத் தனியே பிரிக்க வேண்டும். சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் இல்லாமல், கரண்ட் இல்லாமல், விரல் நுனியில் கிடைக்கும் நூறு, இருநூறு மைக்ரோலிட்டர் ரத்தத்திலிருந்து சிவப்பணு உடையாமல் பிளாஸ்மா பிரிக்க ஒரு நல்ல வழி கண்டுபிடித்தால், அது எச்.ஐ.வி.க்கு மட்டுமில்லை, பாதி நோய்களுக்கு உதவும். ஃபில்டர் செய்வதிலும் நூற்பதிலும் கைதேர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது சரியான வேலை என்று நினைக்கிறேன்.

மற்றவற்றைப் பெயரோடு விட்டுவிடுகிறேன். நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே போய்விட்டனவா என்று சொல்லும் ஸ்ட்ரிப், சிறுநீரில் காசநோயின் லாம் என்ற பொருளைத் தேடும் ஸ்ட்ரிப், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கான ஸ்ட்ரிப் மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. முற்றிய நிலையில் வருகிற எச்.ஐ.வி. நோயாளியின் உயிரைக் காப்பவை இவை. லாம் ஸ்ட்ரிப்பின் சென்சிட்டிவிட்டி போதாது, அதைக் கூட்ட முடிந்தால் பெரிய காரியம்.

இப்போது புது நோய்கள். இங்கே முதல் தடை, ஆன்டிபாடி தாமதமாக வருவது. எச்.ஐ.வி. வாழ்நாள் தொற்று, சில வாரம் கழித்து ஆன்டிபாடி வந்தால் பிறகு எப்போது பரிசோதித்தாலும் பிடிபடும். திடீரென்று தாக்கும் நோயில், ஆன்டிபாடி வருவதற்குள் ஆள் பிழைத்திருப்பார் அல்லது போயிருப்பார், பரப்ப வேண்டியதையும் பரப்பியிருப்பார். இந்தப் பாடத்தை 2020 ஏப்ரலில் நாடே படித்தது. சீனாவிலிருந்து வந்த கொரோனா ஆன்டிபாடி ரேபிட் கிட்டுகளை மாநிலங்களுக்குக் கொடுத்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), அதே மாதக் கடைசியில் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஜூனில் மூக்குச் சளியில் வைரஸின் புரதத்தையே தேடும் ஆன்டிஜென் கிட் வந்தது. ஐ.சி.எம்.ஆர். மதிப்பீட்டில் அதன் ஸ்பெசிஃபிசிட்டி 99.3 முதல் 100 சதவீதம், சென்சிட்டிவிட்டி 50.6 முதல் 84 சதவீதம். பாசிட்டிவ் என்றால் நம்பலாம், நெகட்டிவ் என்றால் நம்பக் கூடாது என்று அர்த்தம். பல மாநிலங்கள் அதை வாங்கிக் குவித்தபோது தமிழ்நாடு, வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் ஆர்.டி.-பி.சி.ஆர்.தான் என்று நின்றது. அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதாடலாம். ஆய்வகங்கள் போதுமான அளவு இருந்ததால் நமக்கு அது கட்டுப்படியானது என்பது என் கருத்து.

இரண்டாவது தடை நிபா விஷயத்தில் தெளிவாகத் தெரியும். 2018-இல் கோழிக்கோட்டில் பரவியதிலிருந்து, கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தால் வாளையாறு சோதனைச் சாவடியில் நம் சுகாதாரத் துறை ஆட்கள் தெர்மாமீட்டரோடு நிற்பதைப் பார்க்கிறோம். அங்கே ஒரு ஸ்ட்ரிப் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றும். அதே கணக்கை மறுபடி போடுங்கள். சாவடியைக் கடக்கும் 10,000 பேரில் நிபா உள்ளவர் பெரும்பாலும் யாருமே இருக்க மாட்டார். 99 சதவீத ஸ்பெசிஃபிசிட்டி என்றால் 100 பேரைப் பிடித்துத் தனி வார்டில் போடுவீர்கள், ஒருவருக்கும் நிபா இருக்காது. தப்பித்தவறி ஒருவர் நோயை உடலில் வாங்கிக்கொண்டு காய்ச்சல் வருமுன் கடந்தால் ஸ்ட்ரிப் அவரை விட்டுவிடும். அதே பரிசோதனை, மூளைக்காய்ச்சலோடு கோவை கேசுவால்டிக்கு வந்த, போன வாரம் கேரளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் துணைக்கு இருந்த ஒருவருக்குச் செய்யப்பட்டால் பொன்னுக்குச் சமம். யாருக்குச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒரு கிட் நல்லதா கெட்டதா என்று தெரியும்.

மூன்றாவது, மாதிரி கிடைக்காது. எச்.ஐ.வி. கிட்டை நிரூபிக்க ஆயிரக்கணக்கான ரத்த மாதிரிகள் சேமிப்பில் உண்டு. நிபாவுக்கு நோயாளிகளே விரல்விட்டு எண்ணும் அளவு. உயிருள்ள வைரஸைக் கையாள புனே தேசிய வைராலஜி நிலையத்தில் இருப்பது போன்ற நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். உங்கள் காலேஜில் அது நடக்காது, நடக்கவும் கூடாது.

அதனால் புது நோய்க்கென்றே ஒரு ஸ்ட்ரிப் என்று யோசிப்பதைவிட, எந்த நோய் வந்தாலும் மாற்றிப் போடக்கூடிய ஒரு மேடை வேண்டும். நல்ல உதாரணம் ட்ரூநாட். கோவாவின் மோல்பயோ நிறுவனம் செய்தது. பேட்டரியில் ஓடும் சின்ன பி.சி.ஆர்.; ஒவ்வொரு நோய்க்கும் ஒரு சிப். காசநோய்க்காக நாடெங்கும் கொண்டுபோய் வைத்த அந்தக் கருவியில்தான் 2020-இல் கொரோனா சிப்பைப் போட்டார்கள். 2021-இல் கோழிக்கோட்டில் நிபா மறுபடி தலைகாட்டியபோது அங்கேயே வைத்துப் பார்க்கவும் அதுவே பயன்பட்டது. முதுமலைக் குரங்குகளில் 2012-இல் தென்பட்ட கியாசனூர் காட்டு நோய்க்கும் அதில் பரிசோதனை உண்டு. நோய் வருமுன்பே கருவி ஊரில் இருக்கிறது, டெக்னீஷியனுக்கு ஓட்டத் தெரிந்திருக்கிறது. புதிதாக வர வேண்டியது சிப் ஒன்றுதான். இதைவிட எளிய வழி லாம்ப். காசநோயின் லாம் வேறு, இது வேறு. பி.சி.ஆர். மாதிரி சூட்டை ஏற்றி இறக்காமல், 60-65 டிகிரியில் ஒரே சூட்டில் மரபணுவைப் பெருக்கும் முறை, 2000-இல் ஜப்பானியர்கள் வெளியிட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையம் 2020-இல் கொரோனாவுக்கு இதை வைத்து ஒரு பரிசோதனை செய்தது. ஹீட்டர் பிளாக், டெம்பரேச்சர் கன்ட்ரோல், பேட்டரி என்று வேலை பாதி எலக்ட்ரிகல். ஆனால் பெருக்கி முடித்த குழாயை ஆய்வகத்துக்குள் ஒரே ஒரு தடவை திறந்தாலும் அதன் துளி காற்றில் பரவி, அடுத்த நாள் எல்லாமே பாசிட்டிவ் ஆகும். குழாயைத் திறக்காமலே முடிவைப் படிக்கும்படி வடிவமையுங்கள்.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். பல கிட்டுகளின் டப்பாவில் 2 முதல் 30 டிகிரியில் வைக்கவும் என்று போட்டிருக்கும். ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை மாதம் 40 டிகிரி. கோயமுத்தூர் ஏ.சி. அறையில் செய்து பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். கிட்டை மொபெட் டிக்கியில் வைத்து அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்கு ஏறிப் பாருங்கள். மழைக்காலத்தில் வால்பாறையில் ஃபாயில் உறையைப் பிரித்து, செல்போன் பேசிவிட்டு வந்து ஸ்ட்ரிப்பைப் பயன்படுத்திப் பாருங்கள். ஈரம் குடித்த ஸ்ட்ரிப்பில் தங்கத் துகள் கட்டிக்கொள்ளும், கோடு மங்கும். கன்ட்ரோல் கோடு வந்துவிட்டதே என்று சமாதானம் ஆகாதீர்கள். பல கிட்டுகளில் அது திரவம் ஓடியதை மட்டும்தான் காட்டும். ரத்தமே விடாமல் பஃபரை மட்டும் விட்டாலும் வரும். திங்கட்கிழமை ஓ.பி. கூட்டத்தில் ஒரு நர்ஸ் 20 நிமிடத்தில் படிக்க வேண்டியதை 50-ஆவது நிமிடத்தில்தான் படிப்பார், அதற்குள் காய்ந்த ஸ்ட்ரிப்பில் சாம்பல் நிறத்தில் பொய்க்கோடு எழும்பியிருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 20 நிமிடத்துக்குப் பிறகு மாறாத கோடு செய்வது உங்கள் பொறுப்பு.

எதை எடுப்பது என்ற கேள்விக்கு என் பதில் ஸ்க்ரப் டைஃபஸ். புது நோய் இல்லை, ஆனால் நம் ஊரில் மறுபடி தலைதூக்கியிருக்கும் நோய். புதர்களில் இருக்கும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா உடலுக்குள் போகிறது. தோட்டத்தில் களை வெட்டுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், காட்டோரம் விறகு பொறுக்குகிறவர்களுக்கு மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் அதிகம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுப்புத் தழும்பு இருக்கலாம். அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் ஒளிந்திருப்பதால் தேடாவிட்டால் தெரியாது. பார்வைக்கு டெங்கு மாதிரியே காய்ச்சல், தட்டணுக்களும் குறையும். பெரும்பாலும் இரண்டு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு, ஐந்தாம் ஆறாம் நாள்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அங்கே பழக்கத்தில் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். செல்லுக்குள் ஒளிந்து வாழும் இந்தக் கிருமியிடம் அந்த வகை மருந்து பலிக்காது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும், மாத்திரையும் மலிவு. விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று பாதித்து ஐ.சி.யூ.தான். ஒரு கோடு தெரிந்தால் சீட்டில் மருந்து மாறும் என்றேனே, அது இங்கே பொருந்தும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. தொற்று வந்ததும் முதலில் உண்டாகும் ஐ.ஜி.எம். ஆன்டிபாடியே முதல் வாரக் கடைசியில்தான் நன்றாக ஏறும். ஏறினால் பல மாதம் இறங்காது, அதனால் போன வருடக் காய்ச்சலை இந்த வருடம் காட்டும் அபாயம் உண்டு. கோட்டில் ஒட்டும், 56 கே.டி.ஏ. எடையுள்ள புரதம் கார்ப், கேட்டோ, கில்லியம் என்று கிருமியின் ரகத்துக்கு ரகம் மாறும். ஒரு ரகத்தை மட்டும் போட்டால் நம் ஊர் ரகம் நழுவலாம். ஸ்ட்ரிப்புகள் கடையிலும் கிடைக்கின்றன, தரம் ஏற்ற இறக்கமாக இருக்கிறது. அதே அட்டையில் டெங்கு வைரஸின் என்.எஸ்.1 புரதத்தையும் சேர்த்தால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஒரே நோயாளி, ஒரே கேள்வி. முதல் ஐந்து நாள் என்.எஸ்.1 பேசும், அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். பேசும்.

ஆரம்பிக்கும் விதம். மெம்பிரேன் வாங்குமுன் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மைக்ரோபயாலஜி துறையையும் மெடிசின் துறையையும் போய்ப் பாருங்கள். கோடு வந்தால் என்ன செய்வீர்கள், வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்த கிட் வேண்டாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, எலைசா செய்து மிச்சமான சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) தொடங்குங்கள். நண்பர்களின் விரலைக் குத்தி எச்.ஐ.வி. பார்ப்பதுபோன்ற விளையாட்டு வேண்டாம். நோயில்லாத 300 மாதிரிகளில் ஒன்றுகூடத் தப்பாகக் காட்டாவிட்டால்கூட, பொய்க்கோடு ஒரு சதவீதத்துக்குள் இருக்கும் என்றுதான் உறுதியாகச் சொல்ல முடியும். 30 மாதிரியில் 100 சதவீதம் என்று போஸ்டர் ஒட்டினால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அந்த 300-இல் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் நோயாளிகளும் இருக்கட்டும், ஆரோக்கியமான மாணவர்களை மட்டும் வைத்து நிரப்பாதீர்கள்.

பணத்துக்கு, மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்ப நிறுவனமான பைராக்கின் பிக் திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. இடத்துக்கும் வழிகாட்டலுக்கும் கோவையில் பி.எஸ்.ஜி.-ஸ்டெப் போன்ற, புதுத் தொழில்களை வளர்த்துவிடும் இன்குபேட்டரை அணுகலாம். விற்பனை வரை போவதானால் மருத்துவக் கருவி விதிகள், 2017 பொருந்தும். எச்.ஐ.வி. கிட் அதில் மிக உயர்ந்த அபாய வகையான டி-யில் வருகிறது, லைசென்ஸ் மத்திய அரசிடமிருந்து வர வேண்டும். எச்.ஐ.வி. வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்தான். புரட்டாசி முடிந்து காய்ச்சல் வார்டு நிரம்பும்போது சீரம் நிறையக் கிடைக்கும். அதற்குள் நெறிமுறைக் குழு அனுமதியைக் கையில் வாங்கி வைத்துவிடுங்கள், பல இடங்களில் அந்தக் குழு அடிக்கடி கூடுவதில்லை.